கல்யாணப் பத்திரிகையில் அடிக்க வேண்டிய ஒரு பேர்

ஆறு வருஷம் முன்னாடி, அந்தக் கிரிக்கெட் மேட்ச் அன்னிக்குச் செங்கல்பட்டு மைதானத்துல இருந்தவங்க பேரை முதல்ல எழுதிடுறேன், கந்தசாமி. அப்புறம் ஒருத்தரும் நான் அங்கே இல்லை, நான் பார்க்கலைன்னு சொல்லக் கூடாது. பந்தலுக்குள்ளே பிரம்பு நாற்காலியில நம்ம செங்கல் சூளை முதலாளி வரதராஜன். அவர் பக்கத்துல அவரோட அக்கா மகன் பாபு, வெள்ளை பேன்ட், வெள்ளை பூட்ஸு, கையில கலர் சோடா. மேசை மேல ஸ்கோர் நோட்டை விரிச்சு வச்சுக்கிட்டு என் தம்பி ஏழுமலை, உன் தாய்மாமன். அதே மேசையில, மெட்ராஸ் டீமுக்கு ஸ்கோர் எழுத வந்த கண்ணாடிப் பெரியவர். அவர் பேர் எனக்குத் தெரியாது, தெரிஞ்சிருந்தா எழுதியிருப்பேன். கயித்துக்கு இந்தப் பக்கம் மண்ணுல நான், உன் அக்கா குப்பு, குப்பு மக செல்வி, அப்போ அதுக்கு ஏழு வயசு, என்கூடக் கல்லு தூக்குற ராஜாத்தி. கேட்டாண்ட சைக்கிளைப் புடிச்சுக்கிட்டு, உள்ளே வர மாட்டேன்னு நின்ன நீ.

நேத்து லாரி டிரைவர் கையில நீ குடுத்தனுப்புன பத்திரிகை வந்தது. அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு தடவை பார்த்துச் சொல்லும்மான்னு எழுதியிருந்தே. பார்த்தேன். திருப்போரூர் முருகன் சன்னதியில கல்யாணம், சரி. புதுப்பட்டினத்துப் பொண்ணு, எனக்குப் புடிச்ச பொண்ணு, சரி. மேலே தலைமைன்னு போட்டு வரதராஜன் பேரு. நடுவுல தாய்மாமன்னு போட்டு ஏழுமலை பேரு. கீழே கடைசியில என் பேரு. இதுல ஒரு பேரை அடிக்கணும். அடிச்சாத்தான் நான் கோயிலுக்கு வருவேன். அடிக்கலைன்னா நீ உன் கல்யாணத்தை நடத்திக்கோ, நான் அன்னிக்கும் சூளைக்குப் போய் கல்லு அடுக்குவேன். எந்தப் பேருன்னு கடைசியிலதான் எழுதுவேன். முதல்லயே எழுதுனா நீ பாதியிலே மடிச்சுப் பையில வச்சிடுவே, உன்னை எனக்குத் தெரியும்.

செல்வி எழுதித் தரேன்னு வந்தா. வேணாம்னுட்டேன். மூணாவது வரைக்கும் படிச்சவதான் நான், எழுத்துக் கூட்டி எழுதுறதுக்குள்ளே ரெண்டு நாள் ஆயிடும், ஆகட்டும். இந்தக் கடுதாசியை வேற ஒரு கை எழுதக் கூடாது. நீயும் இதைத் தனியா உக்கார்ந்து படிக்காதே. எல்லாரும் இருக்கறப்போ சத்தமாப் படி.

உன் கையைப் பத்தி மெட்ராஸ்ல யாரோ, பொறவியிலேயே வந்த கைன்னு பேசுனாங்களாம். நீயும் சிரிச்சுக்கிட்டே வந்து என்கிட்டே சொன்னே. எனக்கு வயிறு எரிஞ்சது. பொறவியிலயா வந்தது? உங்கப்பா நெஞ்சு நோவுல போனப்போ உனக்குப் பன்னெண்டு வயசு. மறு வாரமே லாரி மேல ஏறி நின்னே. கீழே இருந்து நான் ரெண்டு ரெண்டு கல்லா வீசுவேன், மேலே நீ வாங்கி அடுக்கணும். முதல் நாளே ரெண்டு விரல் நசுங்கி, லாரி மேலேயே உக்கார்ந்து அழுதே. நான் உன்னைத் தூக்கலை. இறங்கி வந்து கட்டுப் போடவும் இல்லை. "எதிர்த்து நிக்காதடா, கல்லு வர்ற போக்குலயே கையப் பின்னாடி இழுத்துகினு வாங்கு. கல்லப் பாக்காத, என் தோளப் பாரு. தோளு சொல்லிடும் எங்க வரும்னு," அப்படின்னு கத்திட்டு அடுத்த ஜோடியை வீசினேன். அன்னிக்கு உனக்கு நான் அம்மாவா இல்லை, சூளைக்காரியா இருந்தேன். அதுக்கு வருத்தப்படுறேன்னு இப்போ எழுதணும்னு தோணுது, ஆனா வருத்தப்படலை. ஒரு மாசத்துல நீ ராஜாத்தியோட பேசிக்கிட்டே, மூஞ்சியை அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டே என் கல்லை வாங்குனே. ராஜாத்தி சொல்லுவா, "இன்னாக்கா, உன் புள்ளைக்கு முதுகுலயும் கண்ணு கீதா?"ன்னு.

கல்பாக்கத்துப் பக்கம் பெரிய கட்டட வேலை நடந்த காலம் அது. கல்லு இறக்கிட்டுத் திரும்புறப்போ லாரி மாமல்லபுரத்துல டீக்கு நிக்கும். நீ கடற்கரைக்கு ஓடிப் போய் அங்கே பந்து ஆடுற பசங்களோட நிப்பே. ஒரு நாள் நானும் அந்த லாரியில வந்திருந்தேன். தலைமுடி முதுகு வரைக்கும் வளர்ந்த ஒரு வெள்ளைக்காரன், இடுப்புல நம்ம ஊர் லுங்கி, மணல்ல உக்கார்ந்து உன்னையே பார்த்துக்கிட்டிருந்தான். எழுந்து வந்து ஒரு பந்தை எடுத்து உன் மேல வீசினான். புடிச்சே. பலமா வீசினான். புடிச்சே. அப்புறம் ஆத்திரம் வந்தவன் மாதிரி வீசிக்கிட்டே இருந்தான், நீ புடிச்சுக்கிட்டே இருந்தே, கடைசியில அவன் மணல்ல விழுந்து சிரிச்சான். சிலை விக்கிற கடைக்காரர்தான் அவன் பேசுனதை நமக்குத் தமிழ்ல சொன்னார். "அவுங்க ஊரு பேஸ்பால் ஆட்டத்துல நடுவுல ஒருத்தன் நிப்பானாம். அந்தாண்ட இந்தாண்ட எங்க போனாலும் பந்தை வுடமாட்டானாம். ஷார்ட்ஸ்டாப்புன்னு பேராம் அந்த எடத்துக்கு. அதுல நல்லா நிக்கறவன் பேரை ரேடியோவுல சொல்லுவாங்களாம், சின்னப் பசங்க அந்தப் பேரைச் சட்டையில எழுதிக்குவாங்களாம். உன் புள்ள அங்க பொறக்க வேண்டியவன்றான்மா." நான் சொன்னேன், "இங்க பொறந்தாலும் பேரு இருக்கும், போவச் சொல்லு அவன." அப்படித்தான் சொன்னேன். அந்த வாயைத்தான் இன்னிக்கு நெனச்சா அறையணும் போல இருக்கு.

அவன் தன் பையிலேர்ந்து ஒரு தோல் உறை எடுத்துக் குடுத்தான், தோசைக்கல் அகலம், இடது கைக்கு மட்டும். கிரிக்கெட்டுல அதெல்லாம் போட்டா அடிச்சுத் துரத்துவாங்கன்னு நீ மூலையில போட்டுட்டே. நான் எடுத்துக்கிட்டேன். சூளை பிரிக்கிறப்போ உள்ளே சூடு போகாத கல்லை அதை மாட்டித்தான் எடுப்பேன். இன்னும் இருக்கு, உள்ளங்கைப் பக்கம் கருகிப் போயி.

வரதராஜனுக்கு டீம் வச்சுக்கிறது ஒரு ஆசை. மெட்ராஸ் லீக்ல ஆடுற டீமு, அவர் காசு, அவர் சட்டை, அவர் அக்கா மகன் பாபு. பாபு பேட் புடிச்சா கொஞ்சம் ஆடுவான், இல்லைன்னு சொல்ல மாட்டேன். ஆனா வெயில்ல நின்னு பந்து புடிக்கிற வேளை வந்தா உடனே கால் புடிச்சுக்கும். நொண்டிக்கிட்டே பந்தலுக்கு வந்துடுவான். அவனுக்குப் பதிலா நீ உள்ளே போவே. அடிக்கிறவனுக்குப் பக்கத்துல, கல்லெறி தூரத்துல நிப்பே. பதிலுக்கு வந்தவன் பந்து புடிக்கலாம், பேட் புடிக்கக் கூடாதாம், அதுதான் ஆட்டத்தோட சட்டமாம். மூணு வருஷம் இப்படி. லாரியில கல்லு வாங்குன கை, ஞாயித்துக்கிழமை பாபுவோட பழைய பேன்ட்டை முழங்கால் வரைக்கும் மடிச்சு விட்டுக்கிட்டு பந்து வாங்குச்சு.

அந்தச் சித்திரை மாசத்து ஞாயித்துக்கிழமை நீ மாட்டேன்னுட்டே. மெட்ராஸ்லேர்ந்து பெரிய கம்பெனி டீம் நம்ம ஊருக்கே வந்து ஆடுது, அவங்க ஆள் எடுக்கப் போறாங்கன்னு ஊரெல்லாம் பேச்சு. "மாமா, பதினோரு பேருல என் பேரு போட்டாத்தான் உள்ள வருவேன். பாபுக்கு கால் வலிச்சா அவனே நொண்டிகினு நிக்கட்டும்"னு ஏழுமலைகிட்டே சொல்லி அனுப்பிட்டு கேட்டாண்டயே நின்னுட்டே. முதலாளி எழுந்து கயித்துகிட்ட வந்தார். என்னைப் பேர் சொல்லிக் கூடக் கூப்பிடலை. "இந்தாம்மா, உன் புள்ளைக்கு இன்னா கொழுப்பு? கூப்புடு அவன." அவ்வளவுதான் சொன்னார். நான் ஓடுனேன். மறுநாள் வேலை இருக்குமோ இருக்காதோன்னு ஓடுனேன். அத்தனை ஜனம் பார்க்க உன் முதுகுல ஓங்கி அறைஞ்சேன். "பெரியவங்க கூப்டா போவ மாட்டியா? பேரு வேணுமா உனக்கு பேரு? போடா உள்ள!" நீ என்னைத் திரும்பிப் பார்த்தே. அழலை, சைக்கிளை என் கையில குடுத்துட்டுப் போனே. கந்தசாமி, நீ சொன்னதுதான் சரி. அத்தனை பேருல சரியாச் சொன்னவன் நீ ஒருத்தன்தான், உன்னைத்தான் நான் அடிச்சேன். இதை எழுதுறதுக்கே இந்தப் பேனா புடிச்சேன்னு வச்சுக்கோ.

அன்னிக்கு நீ மூணு பேரைக் கேட்ச் புடிச்சு வெளியே அனுப்புனே. முதல் ரெண்டு, யாரும் புடிக்கிறது. மூணாவதை நான் சாகுற வரைக்கும் மறக்க மாட்டேன். அவன் பேட்டை ஓங்குறப்பவே நீ நகர்ந்துட்டே. பந்து அடி பட்டதுக்கு அப்புறம் நகரலை, முன்னாடியே. நீ தோளைப் பார்த்தே. மண்ணுல புரண்டு எழுந்தப்போ இடது கையில பந்து இருந்தது, கை பின்னாடி போயிருந்தது, நான் சொல்லிக் குடுத்த மாதிரியே. மெட்ராஸ்காரங்களே எழுந்து நின்னு கை தட்டுனாங்க. பின்னாடி ஒருத்தன் "யார்ரா அவன்?"னான். இன்னொருத்தன், "சூளைக்காரி புள்ளடா. செங்கல்லு"ன்னான். அன்னிலேர்ந்து உனக்கு அதுதான் பேரா நின்னுடுச்சு.

இப்போ கவனமாப் படி. அப்போ நான் தண்ணி குடிக்க எழுந்து பந்தலுக்குப் பின்னாடி பானைகிட்ட நின்னேன். மேசை ரெண்டு அடி தூரம். கண்ணாடிப் பெரியவர் பேனாவைத் தூக்கிக்கிட்டு, "அந்தப் பையன் பேர் என்ன?"ன்னு கேட்டார். ஏழுமலை நிமிரக் கூட இல்லை. "பேரு எதுக்கு சார்? சப்-னு போடுங்க, போதும்"னான். பெரியவர் ஒரு நிமிஷம் பேனாவை அப்படியே வச்சிருந்தார். அப்புறம் எழுதிட்டார். இந்தப் பேச்சு ஒரு எழுத்து மாறாம என் காதுல இருக்கு. ஆனா அன்னிக்கு அதுக்கு அர்த்தம் தெரியலை. சப்-னா ஏதோ ஆட்டத்துல குடுக்குற பட்டம்னு நெனச்சேன். தம்பி பக்கத்துல இருக்கான், நம்ம புள்ளைக்கு வேண்டியதைப் பார்த்து எழுதுவான்னு நெனச்சுத் தண்ணியைக் குடிச்சுட்டு வந்துட்டேன்.

ரெண்டு நாள் கழிச்சு இங்கிலீஷ் பேப்பரை எடுத்துக்கிட்டு ஏழுமலை வீட்டுக்கு வந்தான். நோட்டைப் பார்த்துப் பேப்பருக்கு எழுதி அனுப்புனதும் அவன்தானாம். பொடி எழுத்துல ஒரு ஓரத்துல இருந்தது. "இதோ பாருக்கா, இங்க, இங்க, இங்க. மூணு எடத்துல நம்ம கந்தசாமி பேரு." விரல் வச்சுக் காட்டுனான். எனக்கு இங்கிலீஷ் தெரியாது, ஆனா கண்ணு இருக்கு. "இன்னாடா மூணே எழுத்து கீது?"ன்னு கேட்டேன். "இங்கிலீஷ்ல சுருக்கித்தான் போடுவாங்கக்கா, உனக்கின்னா தெரியும்"னு சிரிச்சான். அவனுக்குக் கருவாடு வறுத்துச் சோறு போட்டேன். அந்தப் பேப்பரை வெட்டி முருகன் படத்துக்குப் பின்னாடி வச்சேன். மூணு எடத்துலயும் குங்குமம் வச்சேன். ஆறு வருஷம், ஒவ்வொரு கிருத்திகைக்கும் புதுசா வச்சேன்.

அந்தக் கம்பெனிக்காரங்க உன்னைக் கூட்டிக்கிட்டுப் போனாங்க. ஆனா டீம்ல சேர்க்கணும்னா இதுக்கு முன்னாடி லீக் ஆடுன ரெக்கார்டு வேணும்னாங்களாம். நீ மூணு வருஷம் ஆடியிருந்தே. நோட்டுல ஒரு எடத்துலயும் நீ இல்லை. அதனால குடோன்ல தினக்கூலி, மேட்ச் அன்னிக்குப் பன்னெண்டாவது ஆளு. யாருக்குக் கால் வலிச்சாலும் நீ. ஒரு தடவை நானும் ராஜாத்தியும் மெட்ராஸ் வந்து வெயில் பக்கம் உக்கார்ந்து பார்த்தோம். நீ உள்ளே இறங்குனதும் ஜனம் "செங்கல்லு! செங்கல்லு!"ன்னு கத்துச்சு. ஆடுறவனுக்கு அவன் ஆளே கத்துறான், "அந்தாண்ட தட்டாதடா, செங்கல்லு நிக்கறான்!" அவன் அடிச்ச பந்துகிட்ட நீ வந்ததும் ஓடாம அப்படியே நின்னுட்டான். உன்னைப் பார்த்து ஒரு ஆள் ஓடுறதை நிறுத்துனானே, அதுக்கு மேல ஒரு பேரு வேணுமான்னு எனக்கு மனசு குளிர்ந்து போச்சு. அப்புறம் இடைவேளையில நீ தண்ணி பாட்டிலை எல்லாம் தட்டுல வச்சுத் தூக்கிக்கிட்டு ஓடுனே. ராஜாத்தி, "இன்னாக்கா, இங்கயும் தூக்கறது தானா?"ன்னா. நான் அவளைத் திட்டுனேன். அவ சொன்னதுல தப்பே இல்லை.

மாசி மாசம் உன் இடது கை விரல் ரெண்டு ஒரு கேட்சுல முறிஞ்சுது. கட்டோட ஆபீஸ்ல போய் நின்னே, ஆறு வருஷமா டீமுக்கு ஆடுனேன், வேலையை நிரந்தரம் பண்ணுங்கன்னு. அவங்க நோட்டையெல்லாம் புரட்டிப் பார்த்துட்டு, "உன் பேரு எங்கப்பா கீது?"ன்னு கேட்டாங்களாம். நீ வந்து இதைச் சொன்னப்போ நான் பாய்ஞ்சு முருகன் படத்தைத் திருப்புனேன். "இந்தா, எடுத்துகினு போய் காட்டு! பேப்பர்லயே போட்டிருக்கான்!" நீ அதை வாங்கலை. சுவத்தைப் பார்த்தே. செல்விதான் வாங்குனா, எட்டாவது படிக்குது இப்போ. "ஆயா, இதுல மாமா பேரே இல்லியே. சப்-னு கீது. வேற ஆளுக்குப் பதிலா வந்தவன்னு அர்த்தம்." அந்த நிமிஷம், பானைகிட்ட நின்னு கேட்ட பேச்சு முழுசாத் திரும்பி வந்தது எனக்கு.

நீ போனதுக்கு அப்புறம் நான் ஏழுமலை வீட்டுக்குப் போனேன். உனக்குத் தெரியாது. வாசல்லயே நின்னு கேட்டேன். "அதான்க்கா ரூலு. பதிலு ஆளு பேரு நோட்டுல வராது"ன்னான். "அப்ப அந்தக் கண்ணாடிக்காரரு ரூலு தெரியாமயா பேரு கேட்டாரு?" "சப்-னு போட்டு பக்கத்துல அடைப்புக்குறிக்குள்ள பேர எழுதலாம். எழுதியே ஆவணும்னு இல்ல." "எழுதாதன்னு முதலாளி சொன்னாரா?" "இல்ல." "பாபு சொன்னானா?" "இல்லக்கா." "அப்பறம் யாருடா சொன்னது?" "யாரும் சொல்லல. முதலாளி அந்த நோட்டப் பாப்பாரு. பாபு பேருக்கு பக்கத்துல கூலிக்காரன் பேரு இருந்தா இன்னா நெனைப்பாருன்னு... சூளையில கணக்கு எழுதுற ரைட்டரு வேலைக்கா எனக்கு. உனக்குப் புரியாது." எனக்குப் புரிஞ்சுது. ஒருத்தரும் கேக்காமலே, ஒருத்தரும் மிரட்டாமலே, சொந்த அக்கா மகனோட பேரை விழுங்குன வாயி அது.

உன் மேலயும் எனக்குக் கோவம் தீரலை. தீபாவளிக்கு வர்றப்போ எல்லாம் அந்தக் குங்குமத்தை நீ பார்த்தே. பல்லைக் கடிச்சுக்கிட்டு வெளியே போனே. அம்மா சந்தோஷமா இருக்கட்டும்னு விட்டியாக்கும். என்னை ஆறு வருஷம் முட்டாளாக் கும்பிட விட்டதுக்குப் பேரு பாசமா? கட்டிக்கப் போற பொண்ணுகிட்ட இந்த வேலையை வச்சுக்காதே. அவளுக்கு வலிக்கும்னு எதையும் மூடி வைக்காதே. அவ படிச்சவ, எந்தக் காகிதம் வந்தாலும் அவளையே படிக்கச் சொல்லு. விரல் வச்சுக் காட்டுறவனை நம்பாதே, அது யாரோட விரலா இருந்தாலும். நாளைக்கு உனக்குப் புள்ளை பொறந்தா, அது பேரை எழுதுற எடத்துல எல்லாம் நீ பக்கத்துல நின்னு பார்த்துட்டு வா. மறுபடி கல்லு லாரிக்கே வரேன்னு எழுதியிருக்கே, வா. வளையாத ரெண்டு விரலுக்கு அந்தத் தோல் உறை இருக்கு. இனிமே கூலி நோட்டுல உன் பேரை நீயே எழுது.

சரி, பத்திரிகைக்கு வரேன். வரதராஜன் பேரை அடிக்கச் சொல்லுவேன்னு இவ்வளவு நேரம் நெனச்சிருப்பே. அந்தப் பேரு இருக்கட்டும். அவரு என்னிக்கும் நம்ம மனுஷன்னு சொல்லிக்கிட்டு வரலை. முதலாளி முதலாளியா நடந்துக்கிட்டார், நாளைக்கும் அப்படித்தான். பாபுவும் வரட்டும், வந்து சாப்பிடட்டும், கால் வலிச்சா உக்கார்ந்து சாப்பிடட்டும். உன்னை அறைஞ்ச என் கையை நீ மன்னிச்சாலும் சரி, மன்னிக்காட்டியும் சரி, அது உன் பாடு. உன்னை நான் மன்னிச்சுட்டேன், இந்தக் கடுதாசி எழுதி முடிக்கிறதுக்குள்ளேயே.

அச்சுக்காரன்கிட்டே சொல்லு. நடுவுல தாய்மாமன்னு மட்டும் போடட்டும், பக்கத்துல காலியா விடட்டும். ஏன்னு கேட்டா, பேரு எதுக்கு, அது போதும்னு சொல்லு. மணவறையில தாய்மாமன் போடுற மாலையை ராஜாத்தி போடட்டும், யார் என்ன பேசுனாலும் நான் பார்த்துக்கறேன். நான் மட்டும் அவனை மாதிரி பேரை விட மாட்டேன். ஆறு வருஷம் குங்குமம் வச்ச கையாலயே முழுசா எழுதுறேன், நல்லாப் பார்த்துக்கோ. நான் உயிரோட இருக்கிற வரைக்கும் மன்னிக்காத ஆளு, என் கூடப் பொறந்தவன், சூளை ரைட்டர், உன் தாய்மாமன் ஏழுமலை.